துடிப்பு 138, நாடி 104: சுங்கை சிப்புட்டில் ஒரு மைட்ரல் வால்வு நிகழ்வு

நோயாளி 54 வயதுப் பெண். ஊர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பம் டவுனுக்குப் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. இப்போது ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை. இனிப்புநீர் கிடையாது, பிரஷருக்கு மருந்து எடுத்ததில்லை, புகை மது எதுவும் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

இருமலும் மூச்சுத்திணறலும்தான் வந்த காரணம். மூன்று மாதமாகவே இருந்திருக்கிறது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் இளைப்பு (ஆஸ்துமா) என்று சொல்லி, வாயில் அடித்துக்கொள்ளும் நீல நிற இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். அடித்தால் கொஞ்ச நேரம் பரவாயில்லை, அப்புறம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், மூச்சு முன்னைவிட மோசமாகும். இருந்தாலும் மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் கூடுதலாக அடித்திருக்கிறார்.

இளைப்பு என்று நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் அவர் மூச்சுத்திணறலைச் சொன்ன விதம். "உட்கார்ந்திருந்தா ஒண்ணும் இல்ல டாக்டர். படுத்தாத்தான் நெஞ்சுல தண்ணி ஏறுற மாதிரி இருக்கு" என்றார். தலையணை ஒன்றிலிருந்து இரண்டாகி, மூன்றாகி, கடைசி வாரம் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சன்னலைத் திறந்து மூச்சு வாங்கியதை மகள் சொன்னாள். போன தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படியில் பாதிக்கு மேல் ஏற முடியாமல் ஓரமாக உட்கார்ந்ததையும் அவள்தான் சொன்னாள். "வயசாயிடுச்சில்ல" என்று அம்மா அதை மழுப்பப் பார்த்தார்.

படுத்தால் கூடி, எழுந்தால் குறைகிற மூச்சுத்திணறலுக்கு முதலில் இருதயத்தைச் சந்தேகப்பட வேண்டும். நிற்கும்போது கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும் இரத்தம், படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்பி வருகிறது. நல்ல இருதயம் அந்தக் கூடுதலை வாங்கி முன்னே தள்ளிவிடும். தள்ள முடியாத இருதயத்தில் அது நுரையீரலில் தேங்கும்.

பரிசோதனை

பிரஷர் 108/70. ஆக்சிஜன் அளவு 92 சதவீதம். இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் நீர்க்கோத்த சத்தம், கூடவே விசில் போன்ற இழுப்பு. இந்த இழுப்புதான் முதலில் பார்த்தவர்களை இளைப்புப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தாலும் மூச்சுக்குழாய்கள் வீங்கி இப்படி இழுக்கும். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது.

பிரஷர் மெஷினில் நாடி நூறை ஒட்டிக் காட்டியது. ஆனால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் அது நூறாக இருக்காது என்று தோன்றியது. தாளமே இல்லை. நாலைந்து துடிப்பு விழுந்தடித்து வரும், ஒரு இடைவெளி, மறுபடியும் மூன்று. மிஸ்ஸியை (நர்ஸை) கூப்பிட்டேன். அவர் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ண, நான் நெஞ்சில் கேட்டு எண்ண, ஒரே கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம். நெஞ்சில் 138, மணிக்கட்டில் 104.

நிமிடத்துக்கு 34 துடிப்புகள் மணிக்கட்டுக்கு வந்து சேரவே இல்லை. இருதயம் சுருங்கியது, வால்வு மூடிய சத்தமும் கேட்டது, ஆனால் நாடியை எழுப்பும் அளவுக்கு இரத்தம் வெளியே போகவில்லை. இந்த நிகழ்வில் நான் முக்கியமாகச் சொல்ல வருவதே அந்த 34-ஐப் பற்றித்தான். துடிப்பது ஒன்று, இரத்தத்தை அனுப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நிரம்புவது என்ற வேலை இருக்கிறது. அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

இசிஜியில் இருதயத்தின் மேலறைகள் சுருங்குவதைக் காட்டும் சின்ன மேடு எங்குமே இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350-க்கு மேல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. எக்ஸ்ரேயில் இடது மேலறை வீங்கித் தெரிந்தது.

சுற்று எப்படி ஓடுகிறது

இங்கே நின்று இருதயத்தின் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மற்றது எளிதில் புரியும்.

ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள இந்தத் தசைக்குள் இருப்பது இரண்டு பம்புகள். ஒவ்வொன்றிலும் இரத்தத்தை வாங்கும் மேலறை ஒன்று, வெளியே தள்ளும் கீழறை ஒன்று. உடம்பைச் சுற்றி வந்த இரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தை இடது பக்கம் வாங்கி உடம்பு முழுக்க அனுப்புகிறது. நுரையீரல் பக்கத்தில்தான் இருப்பதால் வலது கீழறைக்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். இடது கீழறை 120 வரை அழுத்த வேண்டும், அதனால் அதன் சுவர் மூன்று மடங்கு தடிமன். ஓய்வில் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1628-இல் வில்லியம் ஹார்வி இப்படி ஒரு கணக்கைப் போட்டுத்தான் இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று வாதாடினார். அரை மணி நேரத்தில் இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தை உணவிலிருந்து புதிதாக உண்டாக்க முடியாது, ஆகவே அதே இரத்தம்தான் திரும்பி வர வேண்டும்.

இரண்டு பம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே அளவுதான் அனுப்ப வேண்டும். வலது பக்கம் ஒரு துடிப்புக்கு 1 மில்லிலிட்டர் மட்டும் கூடுதலாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 துடிப்பில் நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டர், பத்தே நிமிடத்தில் 700 மில்லிலிட்டர் நுரையீரலில் சேர்ந்துவிடும். அப்படி நடக்காமல் இருப்பதற்குக் காரணம் தசையின் ஒரு குணம். அதிகமாக நிரம்பி இழுபட்டால் அடுத்த சுருக்கம் தானாகவே பலமாக இருக்கும். ஜெர்மனியில் ஆட்டோ ஃபிராங்க் தவளை இருதயத்தில் இதைப் பார்த்தார், இங்கிலாந்தில் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் 1914 வாக்கில் நாய் இருதயத்தில் விரிவாகக் காட்டினார். மூளை கட்டளை இடவேண்டிய அவசியமே இல்லை. வந்ததை அனுப்பும், குறைவாக வந்தால் குறைவாக அனுப்பும்.

இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருப்பதுதான் மைட்ரல் வால்வு. இரண்டு இதழ்கள். கீழறை தளரும்போது திறந்து இரத்தத்தை இறக்கிவிடும், சுருங்கும்போது மூடிக்கொள்ளும். நன்றாகத் திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும்.

எக்கோவும் அதன் புதிரும்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஒரு எக்கோ (இருதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் பரிசோதனை) பார்த்துவிட்டு, முழு எக்கோவுக்கு ஈப்போவுக்கு அனுப்பினோம். அறிக்கையில் மைட்ரல் வால்வின் வழி 1.0 சதுர சென்டிமீட்டர். 1.5-க்குக் கீழே போனாலே தீவிரச் சுருக்கம், அதாவது வால்வின் வழி மிகவும் குறுகிவிட்டது என்று கணக்கு. இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இடது கீழறையின் பம்ப் திறனோ 60 சதவீதம், முழுக்க நார்மல்.

மகள் இதைப் பிடித்துக்கொண்டாள். "பம்ப் நல்லா இருக்குன்னு போட்டிருக்கே டாக்டர், அப்ப அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குது?" நியாயமான கேள்வி. நம் ஊரில் இருதய நோய் என்றாலே அடைப்பு, பைபாஸ் என்றுதான் பேச்சு. 1989-இல் அப்போதைய பிரதமர் மகாதீர் கோலாலம்பூரில் பைபாஸ் செய்துகொண்ட பிறகு அந்த வார்த்தை காப்பிக்கடை வரை போய்விட்டது. வால்வைப் பற்றி அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

அந்த 60 சதவீதம் என்பது உள்ளே இருந்ததில் எவ்வளவு வெளியே போனது என்ற பங்கு மட்டும்தான். கீழறையில் 120 மில்லிலிட்டர் நிரம்பினால் 60 சதவீதம் 72 மில்லிலிட்டர். 60 மட்டும் நிரம்பினால் அதே 60 சதவீதம் 36 மில்லிலிட்டர். இரண்டிலும் அறிக்கை நார்மல் என்றுதான் சொல்லும். கையில் வந்து சேர்வது பாதி.

அப்புறம் நேரக் கணக்கு. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.83 விநாடி. அதில் சுருங்குவதற்கு ஏறக்குறைய 0.3 போனால் நிரம்ப அரை விநாடிக்குமேல் கிடைக்கும். 138 என்றால் மொத்தமே 0.43 விநாடிதான். சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, வெட்டு விழுவது நிரம்பும் நேரத்தில். மிஞ்சுவது 0.2 விநாடி. நிமிடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் முன்பு சுமார் 38 விநாடி திறந்திருந்த வால்வு, இப்போது 28 விநாடிதான் திறந்திருக்கிறது. வால்வு அகலமாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை, நாம் ஓடும்போது எல்லோருக்கும் நடப்பதுதான். வழி நாலில் ஒரு பங்காகக் குறைந்தவருக்கு அந்த 10 விநாடிதான் வாழ்வும் சாவும்.

குறைந்த நேரத்தில் அதே இரத்தம் போக வேண்டுமென்றால் வேகமாகப் போக வேண்டும், வேகமாகப் போக மேலறையில் அழுத்தம் ஏற வேண்டும். அதுவும் நேர் விகிதத்தில் ஏறாது. ஓட்டம் இரட்டிப்பானால் தேவைப்படும் அழுத்த வித்தியாசம் நான்கு மடங்கு. குறுகிய வால்வின் வழியை இந்த அழுத்தத்திலிருந்து கணக்கிடும் சூத்திரத்தை 1951-இல் வெளியிட்டவர்கள் ரிச்சர்ட் கோர்லின் என்ற மருத்துவரும் பொறியாளரான அவருடைய தந்தையும். குழாயில் தண்ணீர் ஓடும் கணக்கை இருதயத்துக்குள் கொண்டு வந்தார்கள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்த ஆராய்ச்சிகளில் எனக்குப் பிடித்தது இது.

மேலறையில் சாதாரணமாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் அழுத்தம் 25-ஐத் தாண்டினால், அதன் பின்னால் இருக்கும் நுரையீரலின் மெல்லிய நாளங்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்கும். அவர் சொன்ன "தண்ணி ஏறுற மாதிரி" என்பது கிட்டத்தட்ட உள்ளே நடப்பதுதான். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலது கீழறையும் களைத்துப்போகும், கால் வீக்கம் அதனால் வந்தது.

மேலறை நடுங்க ஆரம்பித்ததும் இன்னொரு இழப்பு. வழக்கமாக, கீழறை சுருங்குவதற்குச் சற்று முன்னால் மேலறை ஒரு தடவை சுருங்கிக் கடைசித் தவணையாக இரத்தத்தை உள்ளே தள்ளும். நிரம்புவதில் 20 முதல் 30 சதவீதம் அப்படி வருகிறது. அது முழுக்கப் போய்விட்டது. இடைவெளிகளும் ஒழுங்கில்லை. சில துடிப்புகளுக்கு நடுவில் வால்வு திறந்து மூடுவதற்கே நேரமில்லை, அப்படிக் காலியாகச் சுருங்கிய துடிப்புகள்தான் அந்த 34. இன்ஹேலர் மருந்து இருதயத்தை இன்னும் வேகப்படுத்தும் குணமுள்ளது. படபடப்பும் மூச்சும் கூடியது அதனால்தான்.

இவ்வளவையும் அவரிடம் விளக்க நான் எக்கோ படத்தைக் காட்டிச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "மங்கு நிறையறதுக்கு முந்தி பால் எடுக்கப் போனா, எத்தன தடவ போனாலும் வாளி நிறையாது. அதான?" சின்ன வயதில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய், மரத்துப் பால் சொட்டும் கிண்ணமான மங்கைத் துடைத்தவர். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

வால்வு எப்போது கெட்டது

இந்த வயதில் இப்படி ஒட்டிய மைட்ரல் வால்வு என்றால் ஏறக்குறைய எப்போதும் சிறுவயது வாதக்காய்ச்சல்தான். கேட்டதும் முதலில் இல்லை என்றார். காய்ச்சல் என்று கேட்பதை விட்டு, சின்ன வயதில் மூட்டு வீங்கியதா என்று கேட்டேன். நினைவு வந்தது. மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும்போது முழங்கால் வீங்கி, அது வற்றியதும் கணுக்கால், பிறகு முழங்கை. பாட்டி எண்ணெய் காய்ச்சித் தேய்த்திருக்கிறார், தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) மாத்திரை கொடுத்திருக்கிறார், சில வாரத்தில் எல்லாம் சரி. மூட்டு விட்டு மூட்டு தாவும் வீக்கம் இதன் அடையாளம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏ என்ற கிருமியால் தொண்டைப் புண் வரும். அது ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பாற்றல் தன்னுடைய திசுக்களையே தாக்கத் தொடங்கும். மூட்டுகள் தழும்பில்லாமல் ஆறிவிடும். வால்வு அப்படி ஆறாது. பல வருஷங்களாகத் தடித்து, சுருங்கி, ஓரங்கள் ஒட்டும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடுகளில் தொண்டைக் கிருமி சுலபமாகப் பரவும், அதனால் இது உலகம் முழுக்க நெருக்கடியான குடியிருப்புகளின் நோய். பென்சிலின் அந்தக் காலத்திலேயே மலிவாகக் கிடைத்த மருந்துதான். தொண்டைவலிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்?

மைட்ரல் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். பலருக்குப் பிரசவ காலத்தில் வெளிப்படும், ஏனென்றால் கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இவருக்கு இரண்டு பிரசவமும் தொல்லையின்றிப் போயிருக்கின்றன. அப்போது வால்வு இவ்வளவு குறுகியிருக்காது.

சிகிச்சை

முதல் வேலை உட்கார வைத்து ஆக்சிஜன், நரம்பில் நீரிறக்கும் ஊசி. இன்ஹேலரை நிறுத்தினோம். அடுத்தது துடிப்பைக் குறைப்பது. இதில் உறவினர்களுக்குக் குழப்பம் வரும்: இருதயம் திணறும்போது அதை மெதுவாக்குகிற மருந்தா? மைட்ரல் சுருக்கத்தில் அதுதான் மருந்து. கீழறைக்கு நிரம்ப நேரம் கொடுக்கிறோம். டிகாக்ஸினும், நுரையீரல் கொஞ்சம் வற்றிய பிறகு சிறிய அளவில் பீட்டா பிளாக்கரும் கொடுத்தோம். மறுநாள் மாலை நெஞ்சில் 84, மணிக்கட்டில் 80. முன்னேற்றத்தில் எதை ஊசி செய்தது, எதை ஆக்சிஜன் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத நோய்கள் நிறைய உண்டு. இங்கே துடிப்பு இறங்க இறங்க மூச்சு இறங்கியதைப் படுக்கையோரம் நின்றே பார்க்க முடிந்தது.

துடிப்பு இறங்கியபின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் மணி வடிவப் பக்கத்தை அழுத்தாமல் வைத்துக் கேட்டேன். முதல் ஒலி பலமாக, இரண்டாம் ஒலிக்குப் பிறகு வால்வு திறக்கும் ஒரு சின்னச் சொடுக்கு, அதன் பின்னால் தாழ்ந்த உறுமல். வந்த அன்று 138-இல் இவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்துபோயிருந்தன. எங்கள் பயிற்சி டாக்டர்கள் எல்லோரையும் அழைத்துக் கேட்க வைத்தேன், இந்தச் சத்தம் இப்போதெல்லாம் எளிதில் கிடைப்பதில்லை. அவரும் பொறுமையாகப் படுத்திருந்தார்.

நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறையும். உறைந்த துண்டு ஒன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் தொடங்கி, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவை 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்தோம். இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரை எதற்குத் தரவில்லை என்று மகள் கேட்டாள், இணையத்தில் பார்த்திருக்கிறாள். வாதக்காய்ச்சலால் வந்த மைட்ரல் சுருக்கத்துக்குப் பழைய வார்ஃபரின்தான் மேல். 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ரிவரோக்சபான் என்ற புதிய மாத்திரையைவிட வார்ஃபரின் வகை மருந்தே உயிரைக் கூடுதலாகக் காத்தது. கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்றாலும் முருங்கைக்கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னோம். நாட்டு மருந்துப் பொடி எதையும் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம்.

மருந்து நேரத்தை வாங்கித் தரும், வழியைப் பெரிதாக்காது. இதழ்கள் ஒட்டியிருந்தாலும் சுண்ணாம்பு அதிகம் படியவில்லை, கசிவும் குறைவு. அதனால் பலூன் சிகிச்சைக்குக் கோலாலம்பூருக்கு அனுப்பினோம். ஜப்பானின் கான்ஜி இனோவே 1982-இல் முதலில் செய்துகாட்டிய முறை இது. தொடை நாளம் வழியாக மெல்லிய குழாய் வலது மேலறைக்குப் போகும். அங்கிருந்து நடுச்சுவரில் ஊசியால் துளையிட்டு இடது மேலறை. பிறகு வால்வுக்குள் பலூனை நுழைத்துச் சில விநாடி விரித்தால், ஒட்டிய ஓரங்கள் ஒட்டிய கோட்டிலேயே பிரியும். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. முன்னதாக உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்து மேலறையில் உறைகட்டி இல்லை என்று உறுதிசெய்தார்கள். கட்டி இருந்தால் குழாய் பட்டே அது கிளம்பிவிடலாம்.

வழி 1.0-இலிருந்து 1.8 சதுர சென்டிமீட்டர் ஆனது. வால்வின் இருபக்க அழுத்த வித்தியாசம் சராசரி 14-இலிருந்து 5-க்கு இறங்கியது. 4 சதுர சென்டிமீட்டர் ஆக்கவில்லையே என்று மகளுக்கு ஏமாற்றம். அதற்குமேல் விரித்தால் இதழ் கிழிந்து, சுருக்கம் போய்க் கசிவு வரும். கசிவு திடீரென்று வந்தால் அது சுருக்கத்தைவிட மோசம், அவசர அறுவைச் சிகிச்சையில்தான் போய் முடியும். 1.8 போதும்.

இப்போதைய நிலை

ஆறு மாதத்தில் வந்தபோது ஒரே தலையணையில் தூங்குகிறார், கால் வீக்கம் இல்லை, கேண்டீன் வேலைக்குத் திரும்பிவிட்டார். மைட்ரல் சத்தம் இன்னும் கேட்கிறது, சின்னதாக. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போகவில்லை. பல வருஷம் வீங்கியிருந்த மேலறை பழைய தாளத்துக்குத் திரும்புவது அபூர்வம். ஆகவே துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும் வார்ஃபரினும் நிற்காது. வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ. இதழ்கள் மறுபடியும் ஒட்டக்கூடும், அப்போது இன்னொரு பலூனா, செயற்கை வால்வா என்பதை அன்றைக்கு வால்வு இருக்கும் நிலையைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் வரும் நாடி எண்ணை நம்ப வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு நிமிடம் எண்ணக் கற்றுக்கொடுத்தோம். ஓய்வில் 100-ஐத் தாண்டினால், மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு.